நான் சிபாரிசு பண்ணுன ஆட்டுப் புத்தகம்

அது என்ன புக்கும்மா? இல்ல, பேர சொல்ல வேண்டாம். அட்டையவும் திருப்பிக் காட்ட வேண்டாம். பேரு தெரிஞ்சா 'ஆமா ஆமா, நானும் படிச்சிருக்கேன், அருமையா இருக்கும்'னு என் வாய் தானா சொல்லிரும். அந்த வாயாலதான் நான் கெட்டேன். திருநெல்வேலி வரைக்குமா போறீங்க? அப்போ சொல்லலாம், நேரம் கெடக்கு.

எம்பேரு அமலோற்பவம். ஓடைக்கரைக் குடியிருப்புல ஆரம்பப் பள்ளிக்கூடத்துல ஹெச்.எம். ஹெச்.எம்.னதும் பெருசா நெனச்சிராதீங்க. மொத்தமே இருபத்திமூணு பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். இன்னொரு டீச்சர் போன வருசம் பூரா பேறுகால லீவு. வாத்தியாரும் நான்தான், மணி அடிக்கதும் நான்தான், ஸ்கூலுக்குள்ள வார ஆட்டைப் பத்தி விரட்டுததும் நான்தான்.

போன வருசம் ஆடி மாசம் ஒன்றியத்துல எல்லா ஆரம்பப் பள்ளி டீச்சரையும் கூப்பிட்டு ஒரு மீட்டிங். புதுசா வந்த ஆபீசர். நல்ல மனுசன், ஆனா உற்சாகம் ஜாஸ்தி. மீட்டிங்னா நாங்க என்ன செய்வோம், பின்னால உக்காந்து காய் நறுக்கி முடிச்சிருவோம். அன்னைக்கு அவர் மைக்கப் பிடிச்சு, "ஒவ்வொருத்தரா எந்திச்சு, அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிக்க பிள்ளைங்களுக்கு உங்களுக்குப் பிடிச்ச ஒரு புத்தகத்த சிபாரிசு பண்ணணும். பாடப்புத்தகம் ஆகாது. நீங்க வாசிச்சதா இருக்கணும்"ன்னுட்டார்.

நல்லா மாட்டிக்கிட்டேன் பாத்துக்கிடுங்க. நான் கடைசியா புக்குன்னு ஒண்ணு படிச்சது டிரெயினிங் பரீட்சைக்கு. அதுக்கப்புறம் முப்பத்தோரு வருசமா நான் படிச்சதெல்லாம் சர்க்குலர்தான். பிள்ளைங்களுக்கு சர்க்குலர சிபாரிசு பண்ண முடியுமா? நான் மூணாவது வரிசை. சின்ன வயசுல கேட்ட ஒரு முயல் கதை ஞாபகம் வந்துச்சு. சரி, இத ஒரு புக்குன்னு சொல்லிருவோம்னு தைரியமா இருந்தேன். எனக்கு முன்னால உள்ள டீச்சர் எந்திச்சு அதே முயலத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு நரி இருந்துச்சு, அதையும் பக்கத்து வரிசைல எடுத்துட்டாங்க. அடுத்து நான்.

எந்திச்சு நிக்கேன். அன்னைக்குக் காலைலதான் ஒரு ஆடு எங்க வராந்தாவுல ஏறி வருகைப் பதிவேட்டுல ஒரு முனையத் தின்னுட்டுப் போயிருந்துச்சு. மனசு பூரா அதுதான். அதத் தவிர என் தலைல வேற ஒண்ணுமே இல்ல. வாய் தெறந்துட்டு.

"சார், 'பதிவேட்டைத் தின்ற ஆடு'ன்னு ஒரு புத்தகம் சார்."

"அப்படியா! சொல்லுங்க, சொல்லுங்க!"

"ஒரு ஆடு, ஸ்கூல் பதிவேட்ட முழுசாத் தின்னுரும் சார். பிள்ளைங்க பேரெல்லாம் அதோட வயித்துக்குள்ள போயிரும். அதுக்கப்புறம் டீச்சருக்கு யார் பேரும் தெரியாது. தெனமும் அந்த ஆட்டத்தான் கிளாசுக்குக் கூட்டிட்டு வந்து பேரு கூப்பிடச் சொல்லணும். எந்தப் பிள்ள வரலியோ அந்தப் பிள்ள வீட்டு வாசல்ல போய் ஆடு நின்னுரும். பிள்ள வந்தாத்தான் நகரும்."

ஹால்ல சிரிப்பு. எனக்கே நல்லாத்தான் இருந்துச்சு. அதோட உக்காந்திருக்கணும். ஆபீசர், "யார் எழுதுனது?"ன்னு கேட்டுட்டார். எழுத்தாளர் பேருக்கு நான் எங்க போவேன்? சட்டுனு எங்க வீட்டுக்காரர் பேருதான் வந்துச்சு. "அ. வியாகுலம் சார்"ன்னுட்டேன். எங்க வீட்டுக்காரர் ரிட்டயர்டு கண்டக்டர். கல்யாணக் கார்டக் கூட தேதி மட்டும் பாத்துட்டு வச்சிருவார்.

அந்த ஆபீசர் என்ன சொன்னார் தெரியுமா? தலைய மேலயும் கீழயும் ஆட்டி, "வியாகுலம்... வியாகுலம்... ஆமா, நல்லா எழுதுவார்"ன்னார்.

வீட்டுல வந்து இவர்ட்ட சொன்னேன். ஏசுவார்னு பாத்தேன். காப்பியக் குடிச்சு டம்ளரக் கழுவி வச்சிட்டு வந்து, "நல்லா எழுதுவேன்னா சொன்னாரு?"ன்னு கேட்டார். அதுலருந்து அவருக்கு நடையே மாறிட்டு.

சரி, அதோட போயிருந்தா ஒண்ணுமில்ல. மறுநாளே வாட்சப்ல ஆர்டர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், அவங்கவங்க சிபாரிசு பண்ணுன புத்தகத்த அவங்கவங்க பிள்ளைங்களுக்குச் சொல்லணும், அத வீடியோ எடுத்துப் போடணும். போட்டேன். வீடியோவுக்காகத்தான் சொன்னேன்மா. ஆனா இருபத்திமூணும் வாயத் தெறந்துட்டு இருந்துச்சு. என் சர்வீஸ்ல நான் பாடம் நடத்தி அப்படி ஒரு வாய் தெறந்து பாத்ததில்ல, கொட்டாவி விடும்போது தவிர.

அதுல ஒரு பிள்ள மகிஷா. அப்போ நாலாங்கிளாஸ். அவ அம்மா முருங்கைக்காய் பறிக்கப் போவா. அவ போற நாளெல்லாம் தங்கச்சியப் பாத்துக்கிட இவ வீட்டுல நின்னுருவா. எழுத்தெல்லாம் தெரியும். கூட்டி வாசிக்கச் சொன்னா மட்டும் வராது. ஒவ்வொரு எழுத்தா எடுத்துத் தனித்தனியா வச்சிட்டு, 'இனி நீங்க பாத்துக்கிடுங்க'ங்குத மாதிரி நம்ம மூஞ்சியப் பாப்பா. புக்குன்னா பத்தடி தள்ளி நிப்பா. அந்தப் பிள்ள அன்னைக்கு என் மேசைகிட்ட வந்து, "டீச்சர், அந்தப் புக்க எனக்குத் தருவீங்களா?"ன்னா.

சொல்லுங்க, நான் என்ன செய்ய?

"மெட்ராஸ்லருந்து வரணும்மா. வந்ததும் மொத ஆளா உனக்குத்தான். ஆனா நீ கூட்டி வாசிக்கப் பழகிருக்கணும்"ன்னுட்டேன்.

அதுல நான் ஒரு சாமர்த்தியம் பண்ணுனதா நெனச்சுக்கிட்டேன். வாசிக்கப் பழக இவளுக்கு ஒரு வருசம் ஆவும், அதுக்குள்ள மறந்துருவா.

எங்க மறந்தா! பஸ் போர்ட வாசிக்கா. பிஸ்கட் தாள வாசிக்கா. சத்துணவுக் கூடத்துல எண்ணெய் டின்ன வாசிக்கா, இருமல் மருந்து பாட்டில வாசிக்கா. "டீச்சர், 'பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்'னா என்ன டீச்சர்?"ங்கா. வெள்ளிக்கிழமைன்னா, "புக்கு வந்துட்டா டீச்சர்?" நான் ஒரு வாரம் தபால்ல வருதுன்னேன். ஒரு வாரம் தபால்காரருக்குக் காய்ச்சல்னேன். அந்தத் தபால்காரர் நடுவுல ஒருநாள் சைக்கிள்ல நல்லா பாட்டுப் பாடிக்கிட்டே போறார், இந்தப் பிள்ளைங்க எல்லாம் என்னையப் பாக்குதுங்க.

புக்குதான் வரல, கதையாவது போகட்டும்னு வாராவாரம் அடுத்த அத்தியாயம்னு ஒண்ணு எடுத்து விட்டேன். ஆட்டுக்குக் கணக்குப் பாடம் பிடிக்காது, ஆட்டுக்குப் பல்வலி, ஆட்டைப் பக்கத்து ஸ்கூல்காரங்க கடத்திட்டுப் போயிட்டாங்க. நான் சொன்னத நானே மறந்துருவேன், பிள்ளைங்க மறக்காது.

"டீச்சர், மொதல்ல செவலை ஆடுன்னீங்க. இப்போ கறுப்புங்கீங்க."

"வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டுடீ."

இப்படியே ஓடுச்சு. நான் பொய் சொல்லுத ஆளு கெடையாதும்மா. அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுக்கிடுங்க. இது ஒண்ணுதான், அதுவும் தானா வளந்துட்டு.

கார்த்திகைல மறுபடியும் மீட்டிங். ஆபீசர் மேடைல நின்னு, "அமலோற்பவம் டீச்சர் சொன்ன புத்தகம் மாதிரி எல்லாரும் சொல்லணும்"ங்கார். அப்போ ஜாய்ஸ் ராஜகுமாரின்னு ஒரு டீச்சர், பக்கத்து ஊர் ஸ்கூல், எந்திச்சு, "ஆமா சார், நானும் அந்தப் புக்க வாசிச்சேன். கடைசி அத்தியாயத்துல எனக்கு அழுகையே வந்துட்டு"ன்னாளே பாக்கணும்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்ன பொய்! ஒரு டீச்சர், நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கவ, இப்படியா கூசாமப் பொய் சொல்லுவா? கடைசி அத்தியாயம் எனக்கே தெரியாது, இவ அழுதாளாம்! அதோட விட்டாளா? ஆபீசரும், "ஆமா, அந்த முடிவு... அந்த முடிவு..."ன்னு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சார். அதப் பாத்துட்டு இன்னும் அஞ்சாறு பேரு கையத் தூக்குதாங்க, நாங்களும் வாசிச்சிருக்கோம்னு.

ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துட்டும்மா. ஒருவேளை அப்படி ஒரு புக்கு நெசமாவே இருக்குமோ? மத்தியானம் சாப்பாட்டுக்கு நிக்கும்போது ஜாய்ஸ் பக்கத்துல பைய போய், "உங்ககிட்ட அந்தப் புக்கு இருந்தா ரெண்டு நாளு குடுங்களேன், எங்க பிள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு"ன்னேன். அவ கண்ணு ஒரு தடவை இந்தப் பக்கம் போச்சு, ஒரு தடவை அந்தப் பக்கம் போச்சு. "எங்க அக்கா மவ வாங்கிட்டுப் போயிட்டா டீச்சர்"ன்னா. ரெண்டு பேரும் ரசத்தக் குடிச்சிட்டு வந்துட்டோம்.

அப்போதான் ஒரு முடிவுக்கு வந்தேன். புக்கு இல்லன்னா என்ன, எழுதிட்டாப் போச்சு. கதைதான் நம்மகிட்ட இருக்கே. அரைப்பரீட்சை லீவுல ஒரு பெரிய நோட்டு எடுத்துக்கிட்டு மத்தியானமா உக்காந்தேன். எங்க வீட்டுக்காரர் காத்தாடியப் போட்டு விட்டார், மோர் கலக்கிக் குடுத்தார். அவர் பேருல வரப்போற புக்குல்லா! ரெண்டு மணி நேரம் எழுதுனேன். வாசிச்சுப் பாக்கேன். எப்படி இருக்கு தெரியுமா?

'பொருள்: ஆடு — வருகைப் பதிவேட்டைத் தின்றது — தொடர்பாக. மேற்படி ஆடு, அன்றைய தினம் காலை ஒன்பது மணியளவில் பள்ளி வளாகத்தில் நுழைந்து, பதிவேட்டினை முழுமையாக உட்கொண்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

முப்பத்தோரு வருசம் சர்க்குலர் படிச்சதுக்குப் பலன். வாயால சொன்னா துள்ளுத ஆடு, பேனாவுல எறங்குனா ஆபீசுக்குப் போற ஆடா ஆயிருது. நாலு தடவை கிழிச்சுக் கிழிச்சு எழுதுனேன். நாலாவது தடவை ஆடு விடுப்பு விண்ணப்பம் குடுத்துட்டு. எங்க வீட்டுக்காரர் வாசிச்சுப் பாத்துட்டு, "எம்பேர எடுத்துரு"ன்னார்.

மாசி மாசம் வாசிப்புத் திருவிழான்னு அறிவிச்சாங்க. ஒவ்வொரு ஸ்கூல்லருந்தும் ஒரு பிள்ள வரணும். தனக்குப் பிடிச்ச புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டு, ஏன் பிடிக்கும்னு மைக்குல சொல்லி, அதுல ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டணும். எங்க ஸ்கூல்ல யாரு வாரீங்கன்னு கேட்டேன். மகிஷா எந்திச்சுட்டா.

"நான் ஆட்டுப் புக்க சொல்லுதேன் டீச்சர். எனக்கு இப்போ கூட்டி வாசிக்க வரும்."

ஆமாம்மா, நெசமாவே வந்துட்டு. கரும்பலகைல நான் எழுதுனத எனக்கு முன்னால வாசிச்சா. முப்பத்தோரு வருசத்துல நான் எந்தப் பிள்ளையவும் அப்படி வாசிக்க வச்சதில்ல. அவ வாசிக்க வாசிக்க, இனி புக்குக்கு எங்க போவேன்னு எனக்குப் பதறுது.

அன்னைக்கு சாயங்காலம் எல்லாப் பிள்ளைங்களும் போனப்புறம் அவள மட்டும் நிறுத்தி வச்சேன். என்னென்னமோ சுத்துனேன். தபால்னேன், அச்சாபீஸ்னேன். கடைசில, "அப்படி ஒரு புக்கே இல்லம்மா. நானா சொன்னது"ன்னேன்.

அழுவான்னு பாத்தேன். அழல. "வியாகுலம்?"ன்னா.

"அது எங்க வீட்டுக்காரர்."

பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிட்டா. மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. மூணாவது நாளு நானே கெளம்பி அவ வீட்டுக்குப் போனேன். வாசல்ல போய் நிக்கேன். அந்த நாலு வயசுத் தங்கச்சி வெளிய வந்து என்னையப் பாத்துட்டு, உள்ள திரும்பிக் கத்துச்சு: "எக்கா, ஆடு வந்துட்டு!"

சிரிக்கீங்க. நான் அப்போ சிரிக்கல.

மகிஷா வெளிய வந்தா. "தப்புதான்மா. திருவிழாவுக்கு வேற ஏதாச்சும் புக்க எடுத்துக்கிட்டு வா"ன்னேன். "எந்தப் புக்கு?"ன்னா. சிபாரிசு பண்ண எனக்கு இப்பவும் ஒண்ணு தெரியல பாத்தீங்களா! ஆறு மாசமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புக்கு புக்குன்னு பேசிட்டு, ஸ்கூல்ல தகரப்பெட்டி நெறைய அரசாங்கம் குடுத்த புக்கு கெடக்கு, ஒண்ணக் கூட நான் தெறந்து பாத்ததில்ல. "பெட்டில எது இருக்கோ அத எடுத்துக்க"ன்னு சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்.

திருவிழா அன்னைக்கு ஹால் நெறைய கூட்டம். பிள்ளைங்க, டீச்சர்மாரு, மொத வரிசைல ஆபீசர். ராசா புக்கு, கிளி புக்குன்னு ஒவ்வொரு பிள்ளையும் டீச்சர் எழுதிக் குடுத்தத ஒப்பிச்சிட்டு எறங்குது. மகிஷா ஏறுனா. மைக்கு உசரமா இருந்துச்சு, ஆபீசரே எந்திச்சுத் தாழ்த்தி வச்சார். அவ கையில தகடு மாதிரி ஒரு புக்கு. 'தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்போம்.' கொசு வராம இருக்க சுகாதாரத் துறை அச்சடிச்சுக் குடுத்தது. எனக்குத் தலைல கை வைக்கலாம் போல இருந்துச்சு.

ஒரு பக்கம் வாசிச்சா. நிறுத்தி நிறுத்தி வாசிச்சா, ஆனா ஒரு எழுத்து விடல. 'கொசுப்புழு'ன்னு வந்த எடத்துல மூச்சு வாங்கிட்டு ஒரே மூச்சுல சொல்லிட்டா. அப்புறம் புக்க மூடிட்டு, "எனக்குப் பிடிச்ச புக்கு ஆட்டுப் புக்கு. எங்க டீச்சர் சொன்னாங்க. அது ரொம்ப நல்லா இருக்கும். ஆனா அது கெடையாது. இந்தப் புக்கு அவ்வளவு நல்லா இருக்காது. ஒரு தொட்டி வரும், ஒரு கொசு வரும், அவ்வளவுதான். ஆனா இது இருக்கு. அதனால இத எல்லாரும் படிங்க"ன்னா.

கை தட்டப் போனவங்கல்லாம் ஆபீசரப் பாத்தாங்க.

ஆபீசர் சிரிச்ச மொகமாத்தான் சொன்னார். "பாப்பா, தெரியாமப் பேசக்கூடாது. அந்தப் புத்தகம் இருக்கு. நானே வாசிச்சிருக்கேன்."

பின்னாலருந்து ஜாய்ஸ் குரலு. "ஆமா சார், நானும் வாசிச்சிருக்கேன். இந்தப் பிள்ளைக்குக் கெடைக்கலன்னா இல்லன்னு ஆயிருமா?" அங்கங்க 'ஆமா, ஆமா'ங்காங்க. பிள்ளைங்க சிரிக்க ஆரம்பிச்சிட்டு.

உள்ளத சொல்லணும்லா. நான் ஒண்ணும் உடனே எந்திச்சிரல. ஒரு அஞ்சாறு நொடி எனக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்பாடா, புக்கு இருக்குன்னு ஆபீசரே சொல்லிட்டார், தப்பிச்சேன். அப்புறம் மேடையப் பாத்தேன். அந்தப் பிள்ள அத்தன பேருக்கு நடுவுல என் மூஞ்சியத்தான் தேடுது. கையில இருந்த அந்தக் கொசுப் புக்க மெல்ல முதுகுக்குப் பின்னால கொண்டு போவுது. வாசிச்சதே தப்புங்குத மாதிரி.

எந்திச்சேன். "சார், பிள்ள சொல்லுததுதான் நெசம். அப்படி ஒரு புக்கு கெடையாது. எனக்கு ஒரு புக்கும் தெரியாது, அதனால நானே இட்டுக்கட்டிச் சொன்னேன். வியாகுலம் எங்க வீட்டுக்காரர். கண்டக்டர்."

ஆபீசர் முன்னால இருந்த தண்ணி பாட்டில எடுத்தார், முழுசையும் குடிச்சு முடிக்க வரைக்கும் கீழ வைக்கல. ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சியப் பாக்கல. அந்த நேரம் பாத்து ஜாய்ஸ் மெதுவா, "அப்போ நான் வாசிச்சது வேற ஆடா இருக்கும்"ன்னா. அவளுக்கு வெக்கமே கெடையாதும்மா!

மெமோ வரும்னு பாத்தேன். இன்னைக்கு வரைக்கும் வரல. எப்படி வரும்? எழுதுனா, 'நான் வாசித்ததாகக் கூறிய'ன்னு அவரும் எழுத வேண்டி வரும்லா.

திரும்பி வரும்போது பஸ்ல மகிஷா என் பக்கத்துலதான் உக்காந்தா. மடில அந்தக் கொசுப் புக்க விரிச்சு மீதிப் பக்கத்த வாசிச்சிட்டே வந்தா. எங்க ஊர் நிறுத்தம் வந்தப்போ, "மூடி இறுக்கமா இருக்கணுமாம்"ன்னு மட்டும் சொன்னா.

அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைல நான் கதை சொல்லுதத நிறுத்திட்டேன். தகரப்பெட்டியத் தெறந்து தரைல கொட்டி, "யாருக்கு எது பிடிக்கோ எடுத்து வாசிங்க, நான் எதையும் சிபாரிசு பண்ணல"ன்னுட்டேன். நானும் ஒண்ண எடுத்து உக்காந்து பாத்தேன். பதினாறு பக்கம், பெரிய பெரிய எழுத்து. ரெண்டு தடவை தூங்கிட்டேன், ஆனா முடிச்சிட்டேன். அது என்ன புக்குன்னா... சரி, வேண்டாம்.

மூணாவது வாரமோ நாலாவது வாரமோ, மகிஷா வாசிச்சிட்டு இருந்த புக்க மூடி வச்சிட்டு மேசைகிட்ட வந்தா. அவ பின்னால மத்த பிள்ளைங்களும் ஒண்ணொண்ணா வந்து நிக்குது. அவளத்தான் பேச அனுப்பிருக்குதுங்கன்னு பாத்தாலே தெரியுது.

"டீச்சர், ஆடு கடைசில என்னாச்சு?"

"அந்தப் புக்கே இல்லன்னுதான் சொல்லிட்டேம்லாம்மா."

"புக்கு இல்ல, சரி. ஆடு என்னாச்சு?"

நான் யோசிச்சேன். பழைய மாதிரி வாயத் தெறந்தா என்னமாவது வந்து விழுந்திருக்கும். விழட்டும்னு விட்டிருக்கலாம். ஆனா அந்தப் பிள்ளகிட்ட இனிமே உள்ளத மட்டும்தான் சொல்லணும்னு மாதாகிட்ட வேண்டிருந்தேன். அதனால வாய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "தெரியாதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது"ன்னேன்.

அந்த ஆட்டைப் பத்தி நான் சொன்னதுல கலப்படமே இல்லாத வார்த்தை அதுதான்.

மகிஷா என்னைய ஒரு பார்வை பாத்தா. அப்புறம் பின்னால திரும்பி, அந்த இருபத்திரெண்டு பிள்ளைங்ககிட்டயும் சொன்னா:

"நான் சொன்னேம்லா. டீச்சர் மறுபடியும் பொய் சொல்லுதாங்க."